மலாய் மேடையில் அபத்தம்: ஆதாமின் தூக்குக் கயிறு

1969 மே 13 கலவரத்திற்குப் பின் மலாய் மேடை எதார்த்த நாடகத்தினின்று விலகியது. நோர்டின் ஹசான் 1970இல் தொடங்கிவைத்த இப்போக்கில் ஜொகூர், மூவாரில் பிறந்த ஜொஹான் ஜாஃபாரும் எழுதினார். இந்நாடகங்களை ‘அபத்தம்’ என்று ஒரே பெயரால் சுட்டுவது வழக்கம். அப்பெயர் பொருந்துமா? டின்ஸ்மானின் ‘புக்கான் புனோ டிரி’ (தற்கொலையன்று, 1974) நாடகத்தில் ஆதாம் தூக்குக் கயிற்றை நாடுவது இறைவனைச் சந்திக்கவே. கமூ 1942இல் தற்கொலையை மெய்யியலின் தலையாய வினாவாக்கியபோது அங்கே இறைவனுக்கு இடமில்லை. பொருளின்மையை அறிந்தே வாழ்வது அவர் கண்ட விடை. ஆதாமுக்கோ பொருள் உண்டு. கற்ற நூல்களில்தான் அது கிட்டவில்லை. உத்தி ஐரோப்பியம், வினா இசுலாமியம் என்றே கருதுகிறோம். தமிழிலும் இச்சிக்கல் உண்டு: ‘காலம் காலமாக’ எழுதி அபத்த நாடகாசிரியர் எனப் பெயர்பெற்ற ந. முத்துசாமி, தெருக்கூத்தை நாடிச் சென்று 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்.