கனிகோ மலையிலிருந்து இறங்கும் தீ

பிரான்சின் தெற்கு ஓரத்தில், ஸ்பெயின் எல்லைக்குச் சற்று வடக்கே பெர்பிஞான் நகரம். அதன் பழைய கோட்டை வாசலுக்குக் கஸ்தியேத் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் எழுப்பியது. வெகுகாலம் சிறைச்சாலையாக இருந்து, இப்போது அருங்காட்சியகம். அதற்குள் ஒரு சுடர் ஆண்டு முழுக்க எரிகிறது. கைதிகளையெல்லாம் அனுப்பிவிட்ட கட்டடம், தீயை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது.

ஜூன் 22 அன்று அதற்கு விடுதலை. அரிக்கேன் விளக்கில் ஏற்றி, பிரனீஸ் மலைத்தொடரின் கனிகோ உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். உயரம் 2784 மீட்டர். உச்சிவரை வண்டி போகாது, கடைசியில் நடைதான். மேலே இரும்புச் சிலுவையடியில் சுள்ளிக்கட்டுகள் காத்திருக்கும். சில நாள் முன்பே ஊர் ஊராக வந்து, ஆளுக்கொரு கட்டாகச் சுமந்து போட்டவை. நள்ளிரவில் கீழிருந்து வந்த சுடரால் அந்த விறகைக் கொளுத்தி, அதிலிருந்து பந்தமேற்றி மறுபடி இறங்குகிறார்கள். ஏறியதும் தீ, இறங்குவதும் தீ; நடுவில் எதற்கு இத்தனை அலைச்சல்? பழைய தீ மலையுச்சியில் புதுத்தீ ஆகிறது என்பது அவர்கள் கணக்கு.

சூரியன் தெற்கே திரும்பும் நாளில் தீ மூட்டுவது ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு மூத்த பழக்கம். இயேசுவுக்கு ஆறு மாதம் மூத்தவர் திருமுழுக்கு யோவான் என்ற கணக்கில் அவர் பிறந்தநாள் ஜூன் 24 ஆனது. பழைய தீ அந்தத் திருநாளின் நிழலில் பிழைத்துக்கொண்டது. சும்மா பிழைக்கவில்லை. யோவான் திருநாளில் கதிர்த்திருப்பச் சடங்கும் ஆட்டமும் துள்ளலும் கூடாது என்று 7ஆம் நூற்றாண்டில் ஆயர் எலிஜியுஸ் கண்டித்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. ஒருவர் மெனக்கெட்டுத் தடுக்கிறார் என்றால், ஊரே துள்ளிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்!

ஆனால் கனிகோவின் சுடருக்கு அவ்வளவு வயதில்லை. 1955இல் மலையடிவாரத்து ஆர்ல் ஊரைச் சேர்ந்த பிரான்செஸ்க் புஜாதெஸ் தொடங்கிவைத்தது. கட்டலான் கவி ஜசின்ட் வெர்தகேர் இந்த மலையின் பெயரிலேயே 1886இல் வெளியிட்ட காவியத்தில் தோய்ந்தவர் அவர். ஊர்கள்தோறும் அணைந்துகொண்டிருந்த யோவான் தீயை ஒரே உச்சியிலிருந்து ஏற்றினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆக, பழைய வழக்கத்துக்குப் புது வழி. இதைப் போலிப் பழமை என்று சொல்வோரும் இருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தொடர்ந்து எரியும் தீயிலும் நேற்றைய விறகு இருப்பதில்லை.

1659இல் போட்ட பிரனீஸ் ஒப்பந்தம் கட்டலான் பேசும் நிலத்தை இரண்டாக வெட்டியது. வடதுண்டு பிரான்சுக்கு, தெற்கு ஸ்பெயினுக்கு. 1966இல் சுடர் முதன்முறையாக எல்லை தாண்டித் தெற்கே விக் நகரம் சேர்ந்தது. அப்போது அங்கே சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. பள்ளியில் கட்டலான் மொழிக்கு இடமில்லை. விக் நகரைத் தொட்டாற்போல்தான் வெர்தகேர் பிறந்த சிற்றூர் இருக்கிறது. கவிதையிலிருந்து கிளம்பிய தீ கவிஞரின் ஊர்ப்பக்கமே வந்து சேர்ந்தது. மொழியைக் காவலர்கள் தடுக்கலாம். விளக்கைக் கையில் பிடித்து வருபவரிடம் என்ன குற்றம் கண்டுபிடிப்பது?

இன்று ஓட்டக்காரர்களும் மிதிவண்டிக்காரர்களும் கைமாற்றிக் கைமாற்றி, மறுநாள் ஜூன் 23க்குள் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குச் சுடரைக் கொண்டுபோகிறார்கள். சதுக்கத்துக்கு வந்த விளக்கைச் சூழ்ந்து ஒரு செய்தி வாசிப்பார்கள். பெரியவர்களுக்கு அது மொழி, நாடு, வரலாறு. பிள்ளைகளின் கவலை வேறு: எப்போது தீ மூட்டுவார்கள்? ஒன்பதரை மணிவரை வெயில் மறையாது. ஆண்டிலேயே நீண்ட காத்திருப்பு அதுதான்.

எல்லைக்குத் தெற்கே, ஸ்பெயினின் கட்டலோனியாவில் பள்ளி ஆண்டு முடிவதும் ஏறத்தாழ அந்த நாட்களில்தான். முன்பெல்லாம் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கால் போன நாற்காலி, உளுத்த கதவு, உடைந்த பெட்டி என்று கேட்டு வாங்கி, அன்றிரவு எரிக்கத் தெருமுனையில் குவிப்பார்கள். அடுத்த தெருப் பையன்கள் இரவில் தூக்கிப் போய்விடாமல் காவலும் இருப்பார்கள். நகரங்களில் தார்ச்சாலையும் கார்களும் பெருகி அந்தக் குவியல்கள் குறைந்துவிட்டன. பட்டாசு குறையவில்லை, கோக்காவும் குறையவில்லை. கோக்கா என்பது தட்டையான இனிப்பு ரொட்டி. மேலே சர்க்கரையில் ஊறிய பழத்துண்டும் பைன் பருப்பும். பழத்துண்டை முதலில் பொறுக்கித் தின்றுவிட்டு ரொட்டியைத் தட்டில் விட்டுவைக்கும் குழந்தை எந்த நாட்டிலும் இருக்கும்.

தீ தணிந்து கங்காகும்போது, அப்பாவோ அக்காவோ கையைப் பிடித்துக்கொள்ள, சிறியவர்கள் ஓரத்தில் ஒரு தாவு தாவுவார்கள். எலிஜியுஸ் தடுத்தாரே, அதே துள்ளல்.

24ஆம் தேதி காலையில் சதுக்கங்களில் சாம்பலைக் கூட்டி அள்ளுவார்கள். விளக்குகளும் ஒவ்வொன்றாக அணையும். கஸ்தியேத்தில் மட்டும் ஒன்றை அணைப்பதில்லை.