மசூலா: ஒரு சொல்லும் திருச்சபையின் நினைவும்

விரிவான ஆங்கில அகராதிகளில் ‘மசூலா’ என்றொரு சொல் காணப்படுகிறது. இன்று ஆங்கிலம் கற்றோரிலும் அதனை அறிந்தவர் மிகச் சிலரே. சென்னைக் கடலோரத்தில் அலைகளைக் கடக்கப் பயன்பட்ட படகினை அது குறிக்கும். யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து, 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலும் அதற்கு இடமுண்டு. ஆயினும் அச்சொல்லின் பிறப்புத் தெளிவாகவில்லை. மீனைக் குறிக்கும் வட இந்தியச் சொல்லோடு சிலரும், மசூலிப்பட்டணம் என்னும் ஊர்ப்பெயரோடு வேறு சிலரும் அதனை இணைப்பர்.

சொல்லின் மூலம் மங்கியிருப்பினும் பொருளின் வரலாறு தெளிவானது. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை அமைத்த 17ஆம் நூற்றாண்டு முதல், துறைமுகப் பணி தொடங்கிய 1875ஆம் ஆண்டுவரை, கப்பல்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டன. ஆணியால் இறுக்கிய படகு கரையலையின் மோதலில் பிளந்துவிடும். ஆதலால் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தனர். தைத்த படகு அலைக்கு வளைந்து கொடுத்தது. கவிழ்ந்தோரைக் காப்பாற்றக் கட்டுமரங்களும் உடன்சென்றன.

ஆங்கிலப் பயண நூல்களில் இச்சொல் பெரும்பாலும் அச்சத்தின் சொல்லாகவே வருகிறது. அலையின் உயரம், பயணியின் நடுக்கம், படகோட்டிகளின் கூச்சல், கூலிப் பூசல் ஆகியவை விரிவாகக் கூறப்படும். படகோட்டியின் பெயர் மட்டும் இராது.

நமது திருச்சபை வரலாறும் இக்குறைக்கு விலக்கன்று. கால்டுவெல் 1838ஆம் ஆண்டில் சென்னை வந்து சேர்ந்தார் என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். அக்காலத்தில் கப்பலில் வந்த மிஷனரிமாரைக் கரைசேர்த்த கரங்கள் யாருடையவை என்று வினவுவதில்லை. திருமறையும் அச்சுப்பொறியும் வந்திறங்கியதும் அக்கரங்களின் உழைப்பினாலன்றோ?

அப்படகோட்டிகள் பெயரற்ற கூட்டமல்லர். அவர்களுள் கத்தோலிக்கரானோர் 19ஆம் நூற்றாண்டில் தம் சொந்தப் பொருளைக் கொண்டு இராயபுரத்தில் அர்ச். இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். அவர்கள் இராயப்பர் என்றழைத்தவர் நாம் பேதுரு என்றழைக்கும் அப்போஸ்தலரே. இராயபுரம் என்னும் பெயரும் அவரைச் சார்ந்ததே என்பர்.

இங்கே லூக்கா நமக்கு ஆசானாகிறார். ஆண்டவர் ஒரு படவில் அமர்ந்து போதித்தார் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அது சீமோனுடைய படவு என்றும் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதிவைத்தார். போதனையை நினைவுகூர்ந்த சுவிசேஷகர் படவுக்குரியவனை மறக்கவில்லை. வடசென்னைச் சபைகளின் பழம்பதிவேடுகளைப் புரட்டும் இறையியல் மாணவர், குருமாரின் பெயர்களோடு தொழிலாளரின் பெயர்களையும் தேடி எழுதுவாராக. அவ்வாறு செய்யாவிடில், ஒரு படகின் பெயரை ஆங்கில அகராதி காத்துவைத்த அளவுக்கேனும் அதனைச் செலுத்தியவர்களை நாம் காத்தோம் என்று சொல்ல இயலாது.