லயன் காம்பராவின் புகை: வீட்டுக்குள் மாசடையும் காற்று

கண்டி மாவட்டத் தோட்டமொன்றின் லயன் காம்பராவில்தான் நான் வளர்ந்தேன். அடுப்பு உள்ளேயே இருந்தது. கூரைத் தகரம் கரி படிந்து கறுத்திருக்கும். அப்பாயி ஊதுகுழலால் அடுப்பை ஊதுவதும் இருமுவதும்தான் எங்கள் விடியற்காலைச் சத்தங்கள். ஈர விறகால் வரும் இருமல் என்றே சொல்லிக்கொண்டோம். அதை நோயென்று யாரும் எண்ணவில்லை.

விறகுப் புகையில் காபனோரொட்சைட்டும், 2.5 மைக்ரோனிலும் சிறிய நுண்துகள்களும் உள்ளன. தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான இத்துகளை மூக்கு தடுக்காது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஒரு நாள் சராசரி கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக அது மதிப்பிடுகிறது. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது முக்கால்வாசிக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. 2022 எரிவாயுத் தட்டுப்பாட்டில் நகர வீடுகள் பலவும் விறகுக்குத் திரும்பின.

லயனில் குறை அடுப்பில் மட்டும் இல்லை. பழைய இரட்டை லயன்களில் இரு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறினால்தான் புகை கலையும்.

கண்டி நகரின் சிக்கல் வேறு. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இரவுக் குளிர்காற்று கீழே தங்க, மேலுள்ள சூடான காற்று மூடிபோல் அமர்கிறது. வாகனப் புகை உள்ளே அடைபடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். வீதியோர வீடுகளில் காலை நெரிசல் நேரத்தில் வீதிப்பக்க ஜன்னலை மூடி, பின்பக்கத்தைத் திறப்பது நல்லது.

நம் நாட்டு 'அனகி' மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. எனவே காய்ந்த விறகோடு, புகை வெளியேறக் கூரைக்குக் கீழே ஒரு திறப்பும், காற்று நுழைய எதிர்ச்சுவரில் தாழ்வாக இன்னொன்றும் வேண்டும். புகைபோக்கி கட்டினால் கூரை முகட்டுக்கு மேலே உயர வேண்டும்.

1983 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன எங்கள் சித்தி, யுத்தம் முடிந்து தகரக் கொட்டிலிலும் அதே புகையில்தான் சமைத்தார். இப்போது கல்வீடு கட்டுகிறார். குசினிக்கு என்ன நிறம் பூசலாம் என்று கேட்டார். நிறம் பிறகு பார்க்கலாம் சித்தி, முதலில் அந்த இரண்டு திறப்பையும் வையுங்கள் என்றேன்.