வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகம்

போன மாசம் ஊர்லேருந்து அப்பா போன் பண்ணார். "தம்பி, வீட்டு வரி கட்டணும், நீயே ஆன்லைன்ல கட்டிடுப்பா"ன்னார். கட்டி முடிச்சு ரசீதைத் திறந்தா, சொத்து வரிக்குப் பக்கத்தில் இன்னொரு தொகை: நூலக வரி.

எங்க ஊர்க் கிளை நூலகம் ஞாபகம் வந்துச்சு. வாடகைக் கட்டடம், இரும்பு பீரோ, சத்தம் போடுற ஃபேன். தினத்தந்தியைத் தனித்தனித் தாளாப் பிரிச்சு நாலு பெரியவங்க ஒரே நேரத்தில் படிச்சிட்டிருப்பாங்க. பத்தாவது பரீட்சை லீவு முழுக்க நான் அங்கேதான் கிடந்தேன். அதை அரசாங்கம் சும்மா கொடுத்த இடம்னுதான் இத்தனை வருஷமா நினைச்சேன். ஆனா காசு எங்க வீட்டிலிருந்தே போயிருக்கு. இந்த ஏற்பாட்டை யார் யோசிச்சாங்க? இன்னிக்கு அந்தக் கதைதான்.

1924. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகரா நியமிச்சது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு வேலை பிடிக்கல. "பழையபடி கிளாஸ் எடுக்கவே போறேன்"னு போய் நின்னார். பயிற்சிக்கு இங்கிலாந்து போயிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்னு அனுப்பி வெச்சாங்க.

அங்கே அவர் வேற ஒரு உலகத்தைப் பார்த்தார். சாதாரண ஊர்களில்கூடப் பொது நூலகம். தொழிலாளி, குழந்தைன்னு யார் வேணும்னாலும் புத்தகம் எடுக்கலாம். செலவுக்கு உள்ளூர் வரி. அதுக்கான சட்டம் அங்கே 1850லேயே வந்தாச்சு. அதுக்கப்புறம் அவர் கணக்கு வாத்தியார் வேலைக்குத் திரும்பல.

நம்ம பக்கம் அப்போ என்ன இருந்தது? சென்னையில் 1896லேயே கன்னிமாரா திறந்தாச்சு. சின்ன ஊர்களில் யாராவது வசதியானவர் மனசு வெச்சாதான் வாசகசாலை. அதில் ரொம்ப அழகான கதை 1931ல் நடந்தது. மன்னார்குடி பக்கத்தில் மேலவாசல். கனகசபைப் பிள்ளைன்னு ஒரு இன்ஜினியர், மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி கிராமம் கிராமமா அனுப்பினார்! நூலகம் ஜனங்களைத் தேடிப் போச்சு.

எனக்கு அந்த வண்டி ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னா, சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். அந்த ஒரு மனுஷனுக்கு முடியாமப் போனா வண்டியும் நின்னுடும். நல்ல மனசை நம்பி ஒரு மாகாணம் முழுக்க நூலகம் நடத்த முடியாது.

ரங்கநாதன் 1930லேயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வெச்சிட்டார். அந்தப் பத்தாண்டுகளில் சென்னைச் சட்டசபைக்கு மசோதாவும் வந்தது, ஆனா நிறைவேறல. கடைசியா 1948ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரா இருந்தப்போ, சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுதான்.

அதோட உயிர்நாடி அந்த வரிதான். சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா, நூலகத்துக்குன்னே தனியா. இப்போ ரூபாய்க்கு 10 பைசா. அதைச் செலவு பண்ண மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. வருஷா வருஷம் பட்ஜெட்டுக்காகக் கோட்டையில் போய்க் கையேந்த வேண்டாம். ஊரில் வீடுகள் கூடக் கூட நூலகத்துக்கான காசும் கூடும்.

1950ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காமராஜர் காலத்தில் பள்ளிக் கல்வியோட நூலகத் துறையையும் சேர்த்துக் கவனிச்ச நெ.து. சுந்தரவடிவேலு, கிளைகளை ஊர் ஊராத் திறந்தார். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம்னு ஒரு வலை உருவாச்சு. 1972ல் தனித் துறையே வந்தது. ரங்கநாதன் காலமானதும் அதே வருஷம்தான். இன்னொரு லாபம்: நூலகங்கள் மொத்தமா வாங்குறதை நம்பித்தான் நிறையத் தமிழ்ப் பதிப்பகங்கள் ஓடுச்சு.

குறை இல்லையா? இருக்கு. வசூல் பண்றது நகராட்சி, செலவு பண்ண வேண்டியது ஆணைக்குழு. நடுவில் காசு தேங்கி, பாக்கி ஏறுறது பழைய கதை. அதைவிடப் பெரிய குறை, கட்டடம் நிறைஞ்ச பெரிய நகரத்துக்கு வரி நிறைய வரும், வறண்ட மாவட்டத்துக்குக் கொஞ்சமாத்தான் வரும். ஆனா வேற புகலிடமே இல்லாம டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைங்க அங்கேதான் அதிகம் உட்கார்ந்திருக்காங்க. ரங்கநாதனோட கணக்கில் சரி பண்ண வேண்டிய இடம் இதுன்னு நினைக்கிறேன்.

பத்தாவது லீவில் நான் தேடின ஒரு கம்ப்யூட்டர் புத்தகம் எங்க நூலகத்தில் இல்லை. வாங்கி வைப்பீங்களான்னு நூலகர்கிட்ட கேட்கக் கூச்சம். சும்மா கிடைக்கிற இடத்தில் போய் எப்படிக் கேட்கிறதுன்னு திரும்பி வந்துட்டேன். அது எங்க தாத்தா கட்டின காசுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்.

அதனால ஒரு சின்ன வேலை. உங்க வீட்டு ரசீதில் அந்தத் தொகையைத் தேடிப் பாருங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ கிளை நூலகத்துக்குள்ள ஒரு எட்டு போய், வேணுங்கிற புத்தகத்தைக் கேளுங்க. வாடகை வீடுன்னாலும் கேளுங்க. வீட்டு ஓனர் கட்டுற வரி உங்க வாடகையிலிருந்துதான் போகுது.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.