யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். அதைவிடக் கவலைக்குரியது நைத்திரேற்று. வெங்காய, புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கசிவும் போதிய வடிகட்டலின்றிக் கிணற்றை அடைகின்றன. இவற்றால் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது. நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் நீங்காது, செறிவுதான் கூடும். அந்நீரில் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கே பேராபத்து: அவர்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். மாசு இத்தோடு நிற்கவில்லை: குடாநாட்டின் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெயும் கலந்தது; அது தொடர்பான வழக்கில் 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கப் பணித்தது.