ஆற்றை ருசி பார்க்கும் மட்டி

ஸ்காபரோ மீன்கடைகளில் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வரும் மட்டியைப் பை பையாக வாங்குகிறோம். தேங்காய்ப்பாலில் போட்டு வேகவைத்தால் அதன் ருசியே தனி. இதே உயிரினத்தை விஞ்ஞானிகள் ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் காவலுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மட்டிக்கு இந்த உத்தியோகத்தைத் தேடிக்கொடுத்தது ஒரு சாப்பாட்டுப் பயம்.

1890களில் இங்கிலாந்தில் ஆளிச் சிப்பியைப் பச்சையாக உண்பவர்களுக்கு டைபாய்டு வருகிறதென்று பேச்சு கிளம்பியது. லிவர்பூலில் ரூபர்ட் பாய்ஸ், வில்லியம் ஹெர்ட்மன் என்ற இரு பேராசிரியர்கள் அதை ஆராய இறங்கினார்கள். கிருமியைத் தேடிப் போனவர்களின் கண்ணில் நிறம் பட்டது. சில சிப்பிகள் பச்சையாக இருந்தன. பிரான்சின் மரென் ஊர்ச் சிப்பியும் பச்சைதான். அது ஒரு நுண்பாசி தரும் நிறம் என்பதால் அங்கே அதற்கு விலையும் அதிகம். ஆனால் அமெரிக்க இனச் சிப்பிகள் சிலவற்றில் கண்ட பச்சை வேறு வகை. அவற்றின் இரத்த அணுக்களுக்குள் செம்பு குவிந்திருந்தது. 1897இல் ராயல் சொசைட்டியின் இதழில் இருவரும் இதை எழுதினார்கள். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன உலோகத்தை ஒரு சிப்பி தன் உடலில் சேர்த்து வைக்கிறது என்பதை அந்தக் கட்டுரை எடுத்துக்காட்டியது.

இந்த ஹெர்ட்மன் நமக்கு அந்நியர் அல்ல. 1902இல் மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபங்கள் ஏன் பொய்த்துப்போகின்றன என்று பார்க்க இலங்கை அரசு அழைத்தது இவரைத்தான். கூட வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தப் பக்கமே தங்கி, பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறையின் தலைவரானார். அவர்களுடைய அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. முத்தின் பிறப்பு, சிப்பியின் ஒட்டுண்ணிகள், முத்துப்படுகைகளின் மணல் என்று அதில் விரிவான செய்திகள் உண்டு. சிப்பியில் செம்பைக் கண்டவரின் கையில் மன்னார்ச் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றின் தசையிலுள்ள உலோகத்தையும் அன்றே அளந்து எழுதியிருந்தால், அந்தக் கடலுக்கு இன்று நூறாண்டு கடந்த ஒரு கணக்கு இருந்திருக்கும். முத்துக்கே விலை இருந்த காலத்தில் அந்தக் கேள்வி எழவில்லை.

அடுத்த அதிர்ச்சி ஜப்பானிலிருந்து வந்தது. 1956இல் மினமாட்டா குடாவின் மீனவக் குடும்பங்களில் விளங்காத நரம்பு நோய் ஒன்று பதிவானது. குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் அந்தக் குடாவின் மட்டியிலிருந்தே பாதரசச் சேர்மத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஒன்ராறியோவிலும் இதே துயரம் உண்டு. ட்ரைடனில் இருந்த இரசாயன ஆலை 1962 முதல் 1970 வரை வாபிகூன் ஆற்றில் பாதரசத்தைக் கொட்டியது. அதன் சுமையை கிராசி நரோஸ் பூர்வகுடியினர் இன்றும் சுமக்கிறார்கள். மினமாட்டா நோயாளிகளைப் பரிசோதித்த மருத்துவர் மசசுமி ஹராடா 1975இல் அங்கேயும் வந்து பார்த்தார்.

அதே 1975இல் கலிபோர்னியாவின் எட்வர்ட் கோல்ட்பர்க் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உலகக் கரைகளிலெல்லாம் மட்டியைப் பிடித்து, அதன் உடலை அளந்து கடலைக் கண்காணிப்போம் என்பது அவர் யோசனை. அதைச் செய்து பார்க்கக் கருவியும் அதற்குள் கைக்கு வந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உட்கவர் முறை, சிறிதளவு கரைசலில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று சொல்லிவிடும்.

ஏன் மட்டி? தண்ணீரை ஒரு போத்தலில் அள்ளினால் அந்த நேரத்துத் தண்ணீர் மட்டுமே கையில் கிடைக்கும். ஆலை நேற்றிரவு திறந்துவிட்ட கழிவு அதற்குள் ஓடிப் போயிருக்கும். மட்டி இடம் பெயர்வதில்லை. நாளெல்லாம் தண்ணீரை வடிகட்டுகிறது. உள்ளே வரும் செம்பையும் காட்மியத்தையும் சில புரதங்களோடு பிணைத்து வைத்துக்கொள்கிறது. அதனால் அதன் தசையில் வாரக்கணக்கான, மாதக்கணக்கான தண்ணீரின் வரலாறு இருக்கிறது. உயிருக்குள் உண்மையிலேயே புகக்கூடிய உலோகம் எவ்வளவு என்பதையும் அது காட்டுகிறது. எனக்கு இதுவே பெரிய விஷயம்.

யோசனை பரவியதும் ஆளுக்கொரு மட்டியை எடுத்துக்கொண்டார்கள். 1986 முதல் அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனம் நாடு முழுக்க இதைச் செய்கிறது. 1990களில் ஜப்பானின் ஷின்சுகே தனாபே குழு இந்தியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் கரைகளுக்குப் பச்சை மட்டியைத் தேர்ந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்து மட்டியும் ஆய்வுகூடத்துக்கு வந்தது. சாம்பல் கழிவு கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில் இந்த அளவீடு எவ்வளவு முக்கியம் என்று சொல்லவே வேண்டியதில்லை. அங்கே பிடிப்பதை மீனவர்களும் உண்கிறார்கள். ஆனால் ஓர் இனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. ஆளி துத்தநாகத்தை வாரிக் குவிக்கும். மட்டியோ அதை ஓரளவுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் சமாளித்துவிடும். பிடித்ததை உடனே அரைத்தாலும் தப்பு. வயிற்றிலுள்ள சேறு வெளியேறச் சுத்தமான தண்ணீரில் விட்டு வைக்க வேண்டும்.

என் மனம் நிற்கும் இடம் சான்பிரான்சிஸ்கோ குடாவின் பாலோ ஆல்ட்டோ சேற்றுநிலம். 1970களிலிருந்து அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் சாமுவேல் லுவோமாவும் துணைவர்களும் அங்கே மக்கோமா என்ற சிறு மட்டியைத் தொடர்ந்து எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு கழிவுநீர் நிலையம். மட்டியின் உடலில் வெள்ளியும் செம்பும் மிக உயர்ந்திருந்தன. அந்த வெள்ளியில் புகைப்படச் சுருள் கழுவிய கழிவுக்கும் பங்குண்டு. 1980களில் நிலையம் சுத்திகரிப்பை மேம்படுத்தியதும் எண்கள் இறங்கின. உலோகம் மிகுந்த ஆண்டுகளில் சரியாக முட்டை முதிராத அந்த மட்டிகள் பிறகு ஒழுங்காக இனம் பெருக்கத் தொடங்கின. சட்டமும் செலவும் பலித்தனவா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை.

தென் ஒன்ராறியோவில் உப்புக் கழிமுகம் இல்லை. நன்னீர் மட்டி உண்டு. மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சினர் பால்சம் ஏரியின் துப்புரவான தண்ணீரில் எலிப்டியோ மட்டிகளை எடுத்து, கூடையில் அடைத்து, நயாகரா ஆற்றில் சுமார் மூன்று வாரம் தொங்கவிட்டார்கள். அங்கே முக்கியமாகத் தேடியது பிசிபி, டயொக்சின் போன்ற நஞ்சுகளை. அந்த ஆறு வந்து விழும் ஏரியிலிருந்துதான் ரொறன்ரோ குடிக்கிறது.

பிறகு, கூப்பிடாமலே ஒரு காவலாளி வந்து சேர்ந்தது. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து வரிக்குதிரை மட்டி கப்பல்களின் நிறைநீரில் பயணித்து வந்தது. 1988இல் வின்சர் பல்கலைக்கழக மாணவர்கள் அதை சென் கிளேயர் ஏரியில் கண்டார்கள். சில ஆண்டுகளில் ஒன்ராறியோ ஏரி முழுக்க அது பரவியது. நாட்டு மட்டிகளின் மேலேயே ஒட்டி அவற்றைத் திணறடித்தது, குடிநீர்க் குழாய்களை அடைத்தது. இந்தச் சேதக்காரனைத்தான் 1992 முதல் பேரேரிகளின் மாசை அளக்க அமெரிக்கர்கள் பயன்படுத்துகிறார்கள். எங்கும் ஏராளமாகக் கிடைப்பதுதான் காரணம்.

ரொறன்ரோ துறைமுகம் 1987இல் பேரேரிகளின் அபாயப் பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. நூறாண்டுக்கு முன் சதுப்பைத் தூர்த்து கீற்றிங் வாய்க்காலுக்குள் திருப்பப்பட்ட டொன் ஆற்றுக்கு 2024இல் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். அங்கேயும் பால்சம் ஏரி மட்டிகளை ஒரு கூடையில் தொங்கவிட வேண்டும், பழைய வாய்க்காலில் இன்னொரு கூடையையும். தானாக வந்து ஒட்டும் வரிக்குதிரை மட்டி எப்போது அங்கே வந்தது என்று எவருக்கும் தெரியாது. கூடையில் வைத்ததின் பிறந்த இடமும் இறக்கிய நாளும் குறிப்பேட்டில் இருக்கும். இரண்டு கூடைகளின் ஈயத்தையும் காட்மியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல கோடி டொலர் செலவில் திறந்த முகத்துவாரம் பழைய வாய்க்காலைவிட எவ்வளவு தெளிவானது என்று எண்ணிலேயே சொல்லலாம்.