புக்கிட் தீபகற்பத்தின் அலைச்சறுக்குத் துறைகள்

புக்கிட், இந்தோனேசியாவின் பாலித் தீவின் தென்கோடியில் தொங்கும் சுண்ணாம்புக்கல் தீபகற்பம். ஜிம்பாரான் அருகே ஒடுங்கும் தாழ்நிலம் ஒன்றுதான் இதைத் தீவோடு பிணைக்கிறது. நூரா ராய் பன்னாட்டு விமான நிலையம் அந்த ஒடுக்கத்தில்தான் இருக்கிறது. மேட்டின் உச்சி ஏறத்தாழ 200 மீட்டர். பாலியின் மற்றப் பகுதிகளில் நெல் விளைவிக்கும் எரிமலை மண் இங்கே இல்லை. பெய்த மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி மறைந்துவிடும். பயிருக்கு உதவாத வறண்ட மேடாக நெடுங்காலம் கிடந்த இந்த நிலத்தை உலகம் தேடி வருவதற்கு அதன் ஓரங்களில் உடையும் அலைகளே காரணம்.

அலையும் காற்றும்

இந்த அலைகள் பாலியில் பிறப்பவை அல்ல. தென் இந்தியப் பெருங்கடலில், 40 டிகிரி அட்சக்கோட்டுக்கும் தெற்கே சுழலும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, வழியில் சிற்றலைகள் உதிர்ந்து, சீரான இடைவெளியுள்ள வரிசைகளாக வந்து சேருகின்றன. காற்றே இல்லாத நாளில் குமரி, கேரளக் கரைகளில் ஏறி வீடுகளுக்குள் புகும் ‘கள்ளக்கடல்’ பெரும்பாலும் இதே தென்கடல் புயல்களின் வேலைதான்.

தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும் வரிசை தீபகற்பத்தின் முனைகளில் மோதி இரு பக்கமும் வளைகிறது. மேற்குக் கரையில் அது வடகிழக்கு நோக்கி ஓடியபடியே பவளப்பார் மீது சாய்வாக ஏறுவதால், ஒரு முனையில் உடையத் தொடங்கி வரிசையாக இடப்பக்கம் உரிந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்கும் சறுக்குவீரருக்கு அது இடது அலை. கிழக்குக் கரையில் வளைவு நேர்மாறு. அங்கே பேர்பெற்றவை வலது அலைகள்.

காற்றும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான வறண்ட காலத்தில் தென்கிழக்குக் காற்று மேற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசி, எழும் அலையின் முகத்தைத் தாங்கிப்பிடித்து வழவழப்பாக்கும். தென்கடல் புயல்கள் வலுப்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில். மழைக்காலத்தில் காற்று வடமேற்காகத் திரும்பும்போது மேற்குத் துறைகள் கலங்கிவிட, கிழக்கே நூசா துவா தெளியும். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் கைகொடுக்கும். புக்கிட்டின் பெருமைக்கு, தனித்தனி அலைகளின் அழகைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம்.

உலுவத்து

மேற்கு முனையின் செங்குத்துப் பாறை உச்சியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில், புரா லுகுர் உலுவத்து கோயில் இருக்கிறது. பாலி இந்துக்களின் முதன்மைக் கோயில்களில் ஒன்று. அதற்குக் கீழே தொடங்கும் அலை ஒன்றல்ல, பல பகுதிகளின் தொகுதி. தெற்கே கோயிலின் பெயரால் ‘டெம்பிள்ஸ்’, அடுத்துக் குகைக்கு நேரே ‘பீக்’, அதற்கு வடக்கே ‘ரேஸ்டிராக்’. கடல் பெருத்த நாளில் மட்டும் வெளியே எழும் ‘அவுட்சைட் கார்னர்’. பீக் நீர் ஏறியபோதும், ரேஸ்டிராக் நீர் வற்றியபோதும் நன்றாக உடையும் என்பதால், இங்கே வருவோர் ஓத அட்டவணை பார்க்காமல் பலகையைத் தூக்குவதில்லை.

கடலுக்குப் போகும் வழி சுலுபான் குகை. படிகளில் இறங்கி, பாறைப் பிளவுக்குள் நடந்து, தண்ணீரில் பலகையை வைத்துத் துடுப்பிட வேண்டும். போவதைவிடத் திரும்புவதுதான் கடினம். நீர் ஏறியிருக்கும்போது மணல் மறைந்துவிடும். நீரோட்டம் ஆளைக் குகையைத் தாண்டி, வடக்கே அடுத்த துறையான பாடாங் பாடாங் பக்கம் இழுக்கும். அதனால் குகை வாயைக் குறிவைக்காமல் அதற்குத் தெற்கே குறிவைத்து வருவது வழக்கம். தவறவிட்டவர் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முயல வேண்டும், அல்லது பாடாங் பாடாங் வரை மிதந்து போய்க் கரையேற வேண்டும்.

பாலியில் அலைச்சறுக்கு 1930களிலேயே தொடங்கிவிட்டது. கூட்டா கடற்கரையில் விடுதி நடத்திய அமெரிக்கர் ராபர்ட் கோக், ஹவாயில் கற்ற கலையை அங்கே கொண்டுவந்தார். ஆனால் அது மணற்கரை அலை. புக்கிட்டின் பாரலை உலகுக்குத் தெரிய 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய இயக்குநர் ஆல்பர்ட் ஃபால்சன் தம் ‘மார்னிங் ஆஃப் தி எர்த்’ படத்துக்காகச் சறுக்குவீரர் ரஸ்டி மில்லரையும் பதின்ம வயதுச் சிறுவன் ஸ்டீவ் கூனியையும் உலுவத்தில் இறக்கிப் படமெடுத்தார். 1972இல் படம் வெளிவந்தது. பின்னாலேயே ஜெர்ரி லோபஸ் போன்ற ஹவாய் வீரர்கள் வந்தார்கள். கள்ளிப்புதர் நடுவே ஒற்றையடிப் பாதையாக இருந்தது மெல்லத் தார்ச்சாலையானது. 2018இல் ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதியில் சுறாத் தாக்குதல்களால் பாதியில் நின்ற உலகச் சுற்றுப் போட்டி ஜூனில் உலுவத்தில்தான் முடிக்கப்பட்டது. ஆண்கள் பிரிவில் பிரேசிலின் வில்லியன் கார்டோசோ வென்றார்.

உலுவத்து முதல் பாலாங்கான் வரை

வடகிழக்கே ஐந்தாறு கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து வரும் துறைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பாடாங் பாடாங் பெரும்பாலான நாட்களில் உறங்கிக் கிடக்கும். கடல் நன்றாகப் பெருத்தால்தான் விழிக்கும். அப்போது ஆழம் குறைந்த பார் மீது அலை சுருண்டு, ஆள் நுழைந்து வெளிவரும் குழலாகிவிடும். 2004இல் தொடங்கிய ரிப் கர்ல் கோப்பைப் போட்டி, அப்படி ஒரு நாள் வாய்க்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து நடத்தப்படுவது. அடுத்துள்ள இம்பாசிபிள்ஸ் நீளமானது, ஆனால் கடும் வேகம். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததை எட்டிப்பிடிப்பது அரிது. பெயரே எச்சரிக்கை. பிங்கின் இதற்கு எதிர்: குறுகியது, கச்சிதமானது, எப்போதும் கூட்டம் மொய்ப்பது. ட்ரீம்லேண்டில் அலை சற்று இளக்கம் காட்டும். பாலாங்கானில் நீண்ட இடது அலை ஒன்று கிடைக்கும்.

தெற்கும் கிழக்கும்

தெற்குக் கரை அலையை நேராக வாங்கும். உயர்ந்த பாறைச்சுவரில் நீண்ட படிக்கட்டு வழியே இறங்கித்தான் அங்குள்ள கிரீன் பவுல் துறையை அடைய முடியும். காற்று எழுமுன் விடியற்காலையில் போகிறவருக்கே அது பயன்படும். கிழக்கே நூசா துவாவில் பார் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பதால் பலர் படகு பிடிக்கிறார்கள். அங்கே பெரிய விடுதி ஒன்றின் முன்னால் உடையும் வலது அலைக்கு ‘ஸ்ரீலங்கா’ என்று பெயர். இலங்கையின் அறுகம் விரிகுடாவிலும் வலது அலைதான் பேர்பெற்றது என்பதால், ஈழத்து வாசகர் அந்தப் பெயரைக் கண்டு புன்னகைக்கலாம்.

கரையின் இன்றைய நிலை

பார் வலுவாக இருக்கிறது. அதன்மேல் சாயும் கரைதான் நெருக்கடியில் இருக்கிறது. உலுவத்து கோயில் பாறையில் விரிசல் கண்டதால் 2024இல் அதன் அடிவாரத்தில் அரசு தடுப்பு வேலை தொடங்கியது. பாறையை வெட்டியபோது சுண்ணாம்புக்கல் கடலில் விழுவதைக் கண்டு, டெம்பிள்ஸ் அலை என்னவாகுமோ என்று சறுக்குவீரர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். 2025 ஜூலையில், அனுமதியின்றிக் கட்டப்பட்டவை என்று சொல்லி, பிங்கின் பாறைச்சரிவிலிருந்த விடுதிகளையும் உணவகங்களையும் அரசு இடிக்கத் தொடங்கியது. சரிவை நெரித்த கட்டடங்கள் குறைவது நியாயம்தான். பிழைப்பு இழந்தவர்களில் உள்ளூர்க் குடும்பங்களும் உண்டு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

புதிதாகப் பலகை ஏறுபவருக்கு மேற்குப் பார்கள் ஏற்றவை அல்ல. ஆழமில்லாத பவளம் தோலை உரித்துவிடும். கூட்டாவின் மணற்கரையில் பழகிவிட்டு, கடல் அமைதியான நாளில், நீர் ஏறியபோது, பாடாங் பாடாங்கில் இடது குழலிலிருந்து தனியே உடையும் மென்மையான வலது அலையில் தொடங்கலாம்.